கை ஆடினால் ஓடும் வாச்சு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் மூளையில் உதித்த கதை அல்ல. கோவில்பட்டியில் வாச்சு ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுடலைமணி, என் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டே சொன்னது. பேட்டரி மாற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் முடித்துவிட்டார். கடைசியில், “இதையெல்லாம் எழுதிராதீங்க” என்றார். எங்கள் ஊரில் இதற்கு ‘எழுதுங்கள், பேரை மாற்றிவிடுங்கள்’ என்று அர்த்தம். மாற்றிவிட்டேன். அவர் பெயர் சுடலைமணி இல்லை.

அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் முதல் வரிக்கே போய்விட்டது. முதலில் இப்படி எழுதினேன்:

‘கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு சித்திரை மாதத்தில், வானத்தை அண்ணாந்து

(நிறுத்திவிட்டேன். கோவில்பட்டிக் கதை என்றால் முதல் வரியில் மண் வெடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருப்பதுபோல எல்லோரும் எழுதுகிறோம். இந்தக் கதை பெரும்பாலும் சிமெண்டுத் தரையில் நடக்கிறது.)

அடுத்து இப்படி:

‘நேரம் என்பது என்ன?

(இதையும் அடித்துவிட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று இப்படிக் கேட்டால், “பஸ் போயிட்டு” என்றுதான் பதில் வரும்.)

மூன்றாவது வரியை வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு குற்றமும் இல்லை:

செண்பகராஜ் அண்ணாச்சியின் வாச்சு நின்றுபோனது.

2

செண்பகராஜ் அண்ணாச்சிக்கு ஊருக்குக் கிழக்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு எதையோ சொல்வதுபோல இருக்கும். ஆபீஸ்தான். நாற்பத்திரண்டு பெண்கள் தினக்கூலிக்கு வேலை பார்த்தார்கள். அவர்களை மேய்க்க மந்திரமூர்த்தி என்று ஒரு சூப்பர்வைசர்.

2002இல் அண்ணாச்சியின் மச்சினன் துபாயிலிருந்து வந்தபோது அந்த வாச்சைக் கொண்டுவந்தான். சுவிட்சர்லாந்தில் செய்தது.*

“இதுக்குச் சாவி வேண்டாம் அத்தான், பேட்டரி வேண்டாம். உள்ள அரைவட்டமா ஒரு பாரம் கெடக்கும். நீங்க கையை ஆட்ட ஆட்ட அது சுத்தும். அது சுத்தச் சுத்த ஸ்பிரிங் முறுகிக்கிடும். உங்க உழைப்புதான் இதுக்குக் கரண்டு” என்றான்.

அண்ணாச்சி வாச்சைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். கல்யாண வீடுகளில் மொய் எழுதும் இடத்தில் வேண்டுமென்றே மணி கேட்டார். யாராவது மணி சொன்னால், “அப்படியா?” என்று சட்டைக் கையை மேலே இழுத்து, தன் வாச்சைப் பார்த்து, சொன்னவரைத் திருத்தினார்.

நான்காம் நாள் வாச்சு நின்றுவிட்டது.

* கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். புகழ்ந்து சொன்னாலும் ஒரு வாச்சு தரமாட்டார்கள். இரண்டு வகையிலும் எனக்கு லாபமில்லை.

3

சுடலைமணி வாச்சின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோளாறைத் தேடி அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கோளாறு என்ன என்பது மூடியைத் திறந்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் அவ்வளவு நேரம் யோசித்தார்.

“வாச்சுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எந்திரம் எல்லாம் தங்கமா இருக்கு.”

“பெறவு ஏன் நிக்குது?”

“கை கொஞ்சம் ஆடணும்.”

“என் கை ஆடலைங்கியா?”

“ஆடுது, ஆடுது. பத்தலை.”

அண்ணாச்சியின் ஒரு நாளை நான் உங்களுக்குச் சொன்னால் சுடலைமணியின் சங்கடம் புரியும். காலையில் வந்து நாற்காலியில் உட்காருவார். டீ மேசைக்கு வரும். போனை மந்திரமூர்த்தி எடுத்து, யார் என்று கேட்டு, அண்ணாச்சியின் காதில் வைப்பார். கையெழுத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு உண்டு. அதையும் மந்திரமூர்த்திதான் குத்துவார். நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுவார். இந்தக் கையை நம்பி ஒரு வாச்சு எப்படி ஓடும்?

“ஓரத்துல இருக்க தலையைத் திருகிச் சாவியும் கொடுக்கலாம் அண்ணாச்சி. காலையில ஒரு முப்பது திருகு போதும்” என்றார் சுடலைமணி.

“நான் திருகணும்னா அதுக்குப் பேரு எதுக்கு ஆட்டோமேட்டிக்?”

சுடலைமணி பின்மூடியை மாட்டி வாச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் அண்ணாச்சி முயற்சி செய்து பார்த்தார். மாடியில் நின்று கையை முன்னும் பின்னும் வீசினார். அவர் மனைவி உமாதேவி துணி காயப்போட வந்தவர் பயந்துவிட்டார். “என்னத்துக்கு இப்படி வீசுதீங்க? கை மரத்துப்போச்சா? டாக்டர்ட்ட போவமா?”

“வாச்சுக்குச் சாவி கொடுக்கேன்.”

“வாச்சு உங்களுக்கா, நீங்க வாச்சுக்கா?” என்று கேட்டுவிட்டு உமாதேவி சேலையை உதறிக் காயப்போட்டார். அந்த ஒரு உதறலில் அந்த வாச்சு அரை மணி நேரம் ஓடியிருக்கும்.

4

அடுத்து மச்சினன் துபாயிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். கறுப்பு மரம், கண்ணாடிக் கதவு, உள்ளே வெல்வெட் தலையணை. வாச்சைத் தலையணையில் மாட்டி பிளக்கைச் சொருகினால், பெட்டி வாச்சை மெல்லச் சுற்றும், கொஞ்சம் ஓயும், மறுபடி சுற்றும். மச்சினன் அதை வைண்டர் என்றான். ஆபீஸில் பெண்கள் அதற்கு ‘தொட்டில்’ என்று பெயர் வைத்தார்கள்.

தொட்டிலை அண்ணாச்சியின் அறையில், ஸ்டெபிலைசருக்கு மேலே வைத்தார்கள். வாச்சு நிற்கவில்லை. ஆனால் நாளைக்குப் பத்து நிமிடம் முந்தி ஓட ஆரம்பித்தது. சுடலைமணி பார்த்துவிட்டு, “காந்தம் ஏறிட்டு அண்ணாச்சி. ஸ்டெபிலைசர் மேலயா வச்சீங்க?” என்று கேட்டு, காந்தத்தை இறக்கிக் கொடுத்தார். பிறகு தொட்டிலை ஜன்னலோரம் வைத்தார்கள். அங்கே வைத்த மூன்றாம் நாள், கரண்டு போய்ப் போய் வந்து, கடைசியாக வந்தபோது வேகமாக வந்ததில் தொட்டிலின் மோட்டார் கருகிவிட்டது. வெல்வெட் வாசனையோடு புகை வந்தது.

[இந்த இடத்தில் ‘மேலைநாட்டு ஆடம்பரமும் நம் மின்வாரியமும்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

கருகிய தொட்டிலோடு கடைக்கு வந்த அண்ணாச்சியிடம், பொறுமை இழந்த சுடலைமணி ஒரு வார்த்தை சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று என்னிடம் மூன்று முறை சத்தியம் செய்தார்.

“ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ஓயாம கை ஆடுத ஆளாப் பாத்துக் கட்டிவிட்ருங்க.”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ஆமால்ல?” என்றார்.

5

மறுநாள் அண்ணாச்சியும் மந்திரமூர்த்தியும் வேலை நடக்கும் கூடத்தில் பெண் பார்ப்பதுபோல வரிசை வரிசையாகக் கை பார்த்துக்கொண்டு போனார்கள். குச்சி அடுக்கும் கை, லேபிள் ஒட்டும் கை, பெட்டி நிரப்பும் கை. கடைசி வரிசையில், பத்துப் பத்துப் பெட்டியாகத் தாளில் சுற்றிப் பசை தடவும் இடத்தில் நின்றார்கள்.

என் முதல் பிரதியில் இங்கே ‘ஒரு பெண்’ என்று மட்டும் இருந்தது. கதை அண்ணாச்சியுடையது, அவள் வாச்சு மாட்டும் ஆணி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் பிரதியில் பெயர் வைத்தேன், வெயிலம்மாள். மூன்றாம் பிரதியில் ஊர் வைத்தேன், எட்டயபுரம் ரோட்டில் இருபது நிமிட பஸ் தூரம். ஊர் வைத்ததும் வீடு வந்தது, வீடு வந்ததும் குடம் வந்தது, குடம் வந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னால் கதையை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். வெயிலம்மாளின் தெருவில் ஐந்து நாளைக்கு ஒருமுறை, சாயங்காலம் ஆறு மணிக்கு, முக்கால் மணி நேரம் குழாயில் நல்ல தண்ணீர் வரும். கோவில்பட்டியிலிருந்து அவள் ஊருக்கு ஐந்து நாற்பதுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஏழு பத்துக்கு. ஆபீஸில் ஐந்தரைக்குச் சங்கு ஊதும். அடித்துப் பிடித்து ஓடினால் ஐந்து நாற்பது பஸ் கிடைக்கவேண்டும். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை. அவள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேரும் கண்டக்டரிடம் சண்டை போடாத வாரம் கிடையாது.

“நேரத்துக்கு முன்னாலயே எடுத்துட்டுப் போயிருதீங்க, நாங்க பொம்பளைங்கதான!”

“அஞ்சு நாப்பதுக்குத்தான்மா எடுக்கோம்” என்று கண்டக்டர் தன் வாச்சைக் காட்டுவார். கண்டக்டர் வாச்சை யார் நம்புவது? ஒன்றிரண்டு பெண்களிடமும் மலிவு வாச்சு இருந்தது. ஆனால், உரசலில் தீப்பிடிக்கும் என்று சொல்லி அவற்றை ஆபீஸ் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போகும்போது எடுத்துப் பார்த்தால் நேரம் முந்தியிருக்கும். நூறு ரூபாய் வாச்சு வேறு எப்படி இருக்கும் என்று அவர்களே தலையில் தட்டிக்கொள்வார்கள். ஊர் போய்ச் சேரும்போது குழாய் நின்றிருக்கும்; கிணற்றடியில் இருபது குடம் உப்புத் தண்ணீரை இறைத்துக்கொள்வார்கள்.

இந்த வெயிலம்மாளின் கையைத்தான் அண்ணாச்சி நின்று பார்த்தார். தாளை இழுக்கிறது, பெட்டிகளைத் தட்டுகிறது, மடக்குகிறது, பசை தடவுகிறது, தள்ளுகிறது. நிற்கவே இல்லை.

“ஏட்டி, வலதுகையை நீட்டு.”

அவள் அடிக்கப்போகிறார்களோ என்று நினைத்துக் கையை நீட்டினாளாம்.

அண்ணாச்சி தன் கையாலேயே கட்டிவிட்டார். அன்றைக்கு அவர் செய்த பெரிய வேலை அது. பசை படாமலிருக்க மேலே ஒரு துணியைச் சுற்றச் சொன்னார். “வாச்சுத் தலையை யாரும் தொடப்பிடாது. மந்திரமூர்த்தி, நீயும் தொடப்பிடாது. காலையில கட்டு, சங்கு ஊதினதும் எம் மேசையில கழட்டி வையி.” அன்றிலிருந்து நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிற வழக்கத்தையும் அண்ணாச்சி விட்டுவிட்டார். வாச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு போகவேண்டுமே.

வாச்சு பிரமாதமாக ஓடியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நின்றது நின்றுபோய், நாளைக்கு இரண்டு விநாடிகூடப் பிசகவில்லை. அண்ணாச்சி கல்யாண வீடுகளுக்குத் திரும்பிப் போனார்.

6

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வியர்வை துடைக்கத் துணியை அவிழ்த்தபோது வெயிலம்மாள் வாச்சைப் பார்த்தாள். ஐந்தரை. சங்கு ஊதவில்லை. வேலை பார்த்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் ஊதியது.

அவள் சந்தோஷப்படவில்லை. பயந்துபோனாள். விலை உயர்ந்த வாச்சைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“அண்ணாச்சி, வாச்சு இருவத்தஞ்சு நிமிசம் முந்தி ஓடுது. நான் ஒண்ணும் பண்ணல. பசைகூடப் படல.”

அண்ணாச்சி வாச்சை சுடலைமணிக்கு அனுப்பினார். சுடலைமணி திருநெல்வேலி ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணி அடிக்கும்போது பார்த்தார். இம்மி பிசகவில்லை. திருப்பி அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் மறுபடி இருபத்தைந்து நிமிடம் முந்தியது. மறுபடி கடை, இந்தத் தடவை அண்ணாச்சியே கொண்டுவந்தார். மறுபடி சரி.

“வாச்சு கடையில சரியா இருக்கு அண்ணாச்சி, ஆபீஸ்லதான் முந்துது. அப்படின்னா ஒருவேளை ஆபீஸ்ல” என்று ஆரம்பித்த சுடலைமணி, அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “காந்தமா இருக்கும்” என்று முடித்தார்.

(அண்ணாச்சிக்கு அப்போதே தெரிந்திருந்ததா? இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வடநாட்டு ஆர்டருக்காக, ‘ஒரு வாரத்துக்கு மட்டும்’ என்று மந்திரமூர்த்தியிடம் அவர் ஒரு வேலை சொல்லியிருந்தார். வாரம் முடிந்ததும் நிறுத்து என்று சொல்ல மறந்துவிட்டார். மந்திரமூர்த்தி சொன்னதைச் செய்கிற ஆள்; சொல்லாததை நிறுத்துகிற ஆள் இல்லை. மறந்தது உண்மையாகவே மறந்ததுதானா என்று எனக்குத் தெரியாது. லாபம் தருகிற மறதியைப் பற்றி மருத்துவர்கள் யாராவது எழுதவேண்டும்.)

வெயிலம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். காலையில் வாச்சும் சங்கும் ஒன்றாக இருக்கின்றன. சாப்பாட்டு மணிக்கும் ஒன்றாக இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் தகராறு. ஆகவே ஒருநாள் தூக்குவாளியைத் திறக்காமல், கூடத்தின் வாசலோரம் நின்றாள். ஒன்று இருபதுக்கு மந்திரமூர்த்தி ஸ்டூலைப் போட்டு ஏறினார். சுவர்க்கடிகாரத்தைத் துணியால் துடைத்தார். துடைக்கும்போது பெரிய முள்ளையும் சேர்த்துத் துடைத்தார். அது இருபத்தைந்து நிமிடம் பின்னால் போனது. சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அதே துணி அதை முன்னால் கொண்டுவந்துவிடும்.

“அன்னைக்கு எனக்குக் கோவம் வரலை” என்று வெயிலம்மாள் பின்னாளில் என்னிடம் சொன்னாள். “ஆறு வருசமா அந்தக் கண்டக்டரை என்னா பேச்சு பேசிருக்கேன்! அதான் மொதல்ல நெனப்பு வந்துச்சு.”

மந்திரமூர்த்திக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்கவேண்டும். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் வந்து, “கையைக் காட்டு, வாச்சை லேசாச் சரி பண்ணித் தாரேன்” என்றார்.

“தலையை யாரும் தொடப்பிடாதுன்னு அவிய சொல்லிருக்காவ.”

“நான் சூப்பர்வைசர்லா?”

“உங்க பேரைச் சொல்லித்தான் சொன்னாவ.”

7

அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள்.

சாயங்காலம் அண்ணாச்சியின் அறையில் தீப்பெட்டி முதலாளிகள் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி அவர்களுக்குத் தன் வாச்சின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாச்சு கையில் இல்லையே என்று ஒருவர் கேட்டார். “சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு” என்றார் அண்ணாச்சி. “நாளைக்கு ரெண்டு செகண்டு மாறாது. ரேடியோக்காரன் வேணும்னா இதைப் பாத்துத் திருத்திக்கிடலாம்.”

அப்போதுதான் வெயிலம்மாள் உள்ளே வந்தாள். கூடத்தில் வேலை நின்றுபோயிருந்தது. நாற்பத்தொரு பெண்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்திரமூர்த்தி ஓடிவந்து கதவருகே நின்றார். அதற்குமேல் அவருக்கு உத்தரவில்லை.

அவள் துணியை அவிழ்த்தாள். வாச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“என்னட்டி, அதுக்குள்ள?”

“அஞ்சரை ஆயிட்டு அண்ணாச்சி.”

அண்ணாச்சி அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு அஞ்சுதான ஆவுது.”

“உங்க வாச்சு அஞ்சரைங்கு.”

சங்கத்துக்காரர்களில் ஒருவர் எட்டி வாச்சைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அவருடைய ஆபீஸிலும் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்திருக்கலாம்.

அண்ணாச்சி வாச்சை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். “வாச்சுல ஏதோ கோளாறு இருக்கும்போல.”

இரண்டு விநாடி மாறாத வாச்சு, அதைப் புகழ்ந்த வாய் மூடுவதற்குள் இருபத்தைந்து நிமிடம் கெட்டுப்போனது. வெயிலம்மாள் வாச்சைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“கெட்டுப்போன வாச்சுதான அண்ணாச்சி. அப்ப நாளையிலேர்ந்து நானே வச்சுக்கிடுதேன்.”

8

அண்ணாச்சி பதில் சொல்லியாகவேண்டும். சரி என்றால் வாச்சு போயிற்று. கூடாது, அது நல்ல வாச்சு என்றால் சுவர்க்கடிகாரம் போயிற்று. அதோடு ஆறு வருஷம் போயிற்று. இந்தப் பதிலுக்காக நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் அண்ணாச்சி எழுந்து கூடத்துக்குப் போய், தானே ஸ்டூலில் ஏறி முள்ளை முன்னால் தள்ளுகிறார். அவர் கை ஆடுகிறது. (உணர்ச்சிகரமாக இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டூல் அவரைத் தாங்காது.)

இரண்டாவதில், “வச்சுக்கோ” என்கிறார். வெயிலம்மாள் சுவிஸ் வாச்சோடு குழாயடியில் நிற்கிறாள். (பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும், அட்டைப் படமும் போடலாம். ஆனால் செண்பகராஜ் அண்ணாச்சியை எனக்குத் தெரியும். கழித்துக்கட்டிய நாற்காலியைக்கூட மாடியில் பூட்டி வைத்திருப்பவர்.)

மூன்றாவதில், “நாளையிலேர்ந்து வேலைக்கு வராத” என்கிறார். (நடக்கக்கூடியது இதுதான் என்று என் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்ததில்லை. அந்த வருஷம் பசை தடவத் தெரிந்த கைக்கு நாலு ஆபீஸ்காரர்கள் போட்டி போட்டார்கள்.)

மூன்றும் சரியில்லை என்பதால் ஆளாளுக்குப் போய் விசாரித்தேன். “அண்ணாச்சி சிரிச்சிட்டாராம்” என்றார் சுடலைமணி. அவர் அங்கே இல்லை. “அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லல, தண்ணி கேட்டாவ” என்றார் மந்திரமூர்த்தி. அவர் அங்கே இருந்தார், ஆனால் அவர் பார்த்த வேலையை நீங்களும் பார்த்தீர்கள். சங்கத்துக்காரர், “நான் அன்னைக்கு கயத்தாறுல இருந்தேன்” என்றார்.

பிறகு நடந்தவற்றில் சந்தேகமில்லை. மறுநாள் சுவரில் ஐந்து ஐந்து ஆனதும், அதாவது ஐந்தரைக்கு, அவள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேரும் அவளோடு சேர்ந்து எழுந்தார்கள். அதற்கடுத்த நாள் நாற்பத்திரண்டு பேரும். யாரும் கோஷம் போடவில்லை. கை கழுவினார்கள், போனார்கள். சங்கு மட்டும் இன்னும் ஒன்பது நாள் ஐந்து ஐம்பத்தைந்துக்கே ஊதியது. கேட்பதற்கு மந்திரமூர்த்தி ஒருவர்தான் இருந்தார். பத்தாம் நாள் அதுவும் ஐந்தரைக்கு வந்துவிட்டது. வாச்சை யார் கையிலும் அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சி ஒரு செல்போன் வாங்கி அதில் மணி பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஒரு பதில் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாமல் கதை எப்படி முடியும்?

9

கடைசியாக வெயிலம்மாளிடமே போனேன். 2006இல், அவள் ஊரில். தண்ணீர் வரும் நாள் என்று தெரியாமல் போய்விட்டேன். தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. அவளுடைய முறை வர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

நான் எழுத்தாளன் என்று சொன்னேன். அது அவளுக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. முழுக் கதையையும் நான் சொல்லச் சொல்ல, குடத்தை நகர்த்தியபடியே கேட்டாள். ஸ்டூல், முள், பசை என்று இரண்டு மூன்று இடத்தில் திருத்தினாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்:

“நானே வச்சுக்கிடுதேன்னு சொன்னீங்கள்லா? அதுக்கு அண்ணாச்சி என்ன சொன்னாரு?”

அவள் யோசித்தாள். எனக்காக உண்மையாகவே யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“தெரியாதுங்க.”

“உங்ககிட்டத்தான சொல்லிருப்பாரு?”

“சொல்லிருப்பாவ. நான் எங்க நின்னேன்? அஞ்சு நாப்பதுக்கு பஸ்ஸுலா!”

அவள் முறை வந்துவிட்டது. குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளினாள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று பின்னாலிருந்த பெண் என்னிடம் சொன்னாள். தள்ளி நின்றேன்.

அண்ணாச்சியின் பதில் உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

“........................................”